தவிட்டுக்கு விற்ற பிள்ளைக்கு ஓர் ஊசி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாலோ என்ற சிற்றூரின் கடைவீதியில் பகல் முழுவதும் குருவிகள் கத்தும். அவை உண்மைக் குருவிகள் இல்லை. சில கடைகளின் மேல்மாடியை ஜன்னல் இல்லாமல் அடைத்து, சுவரில் சிறுசிறு துளைகள் விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தை நம்பி நிஜக் குருவிகள் உள்ளே போய்க் கூடு கட்டும். கூட்டை எடுத்துச் சூப்புக்கு விற்பார்கள். ஊர்க்காரர்களின் காதில் அந்தச் சத்தம் விழுவதே இல்லை, பழகிவிட்டது. எனக்குக் கடைசிவரை பழகவில்லை. காரை நிறுத்திவிட்டு இறங்கினாலே எரிச்சல் வரும்.

அப்போது நான் ஒரு தடுப்பூசி ஆய்வில் தாதியாக இருந்தேன். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி புகுந்து வருகிற காய்ச்சலைத்தான் எல்லோரும் மூளைக்காய்ச்சல் என்கிறார்கள். அதைத் தடுக்கிற ஊசி பற்றிய ஆய்வு அது. வழக்கமாகக் கைக்குழந்தைக்கு இரண்டு ஊசி, ஒரு வயது முடிந்தபின் இன்னொன்று. கைக்குழந்தையாக இருக்கும்போது ஒன்றே போதுமா என்பதுதான் கேள்வி. பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டு, பாதிப் பிள்ளைகளுக்கு ஒன்று. யாருக்கு எது என்று கணினி குலுக்கிப் போடும். பிறகு இரத்தம் எடுத்து, உடம்பில் கிருமியை எதிர்க்கிற காவல் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். ஒன்று போதும் என்று தெரிந்தால் பிள்ளைக்கு ஒரு குத்து மிச்சம், அந்த மருந்து இன்னொரு பிள்ளைக்குப் போய்ச் சேரும். நல்ல கேள்விதான். இவ்வளவும் நடந்த பிறகும் அப்படித்தான் சொல்வேன்.

என் வேலை வீடு வீடாகப் போய்த் தாய்மார்களிடம் இதை விளக்கிச் சம்மதம் வாங்குவது. காஹாங், பாலோ பக்கமெல்லாம் என் தலையில் விழுந்தது, தமிழ் பேசுகிற தாதி நான் ஒருத்திதான் என்பதால். பொறுமைசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை. சொன்னதையே திரும்பக் கேட்டால் குரல் ஏறிவிடும். ஆனாலும் தாய்மார்கள், இங்கே தாதியைக் கூப்பிடுகிற வழக்கப்படி மிஸ்ஸி மிஸ்ஸி என்று, என்னை விடமாட்டார்கள். திட்டிக்கொண்டே செய்துகொடுப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் சொல்லவந்த பெண்ணின் வீடு பாலோவை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், கடைசி வரிசையில் இருந்தது. கொல்லைப்புற வேலியைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். கணவன் சிங்கப்பூரில் வேலை செய்தான், வார இறுதியில்தான் வருவான். நான் போனபோது அவள் கூடத்தில் பாயில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு, முகத்தில் பாதியைத் துணி மூடியிருந்தது.

"இந்தப் பிள்ளையோட அம்மா நீங்கதானே?" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"இல்ல மிஸ்ஸி. அம்மா பக்கத்து வீட்டுல இருக்காங்க. நான் பால் குடுக்குற வேலைக்காரி."

பிள்ளை மார்பில் குடித்துக்கொண்டிருக்கிறது. அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. கடையில் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்கு மனம் பிசகும், பார்த்திருக்கிறேன். சமையலறையில் கத்தி எங்கே இருக்கிறது என்று என் கண் தானாகத் தேடியது.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்துவிட்டார். அவர் இடுப்பிலும் ஒரு பெண் குழந்தை, ஏறக்குறைய அதே வயது. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். இவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. காலையில் காய்ச்சல், மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அதே மூளைக்காய்ச்சல்தான். அதனால் இந்தப் பிள்ளை பிறந்ததும் முறத்தில் போட்டுக் குப்பைக்கூடை பக்கத்தில் வைத்தார்களாம். அக்கா ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். இனி இது அக்கா பிள்ளை. ஒரு வயது முடிந்ததும் கோயிலில் வைத்து, பெற்றவள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். அதுவரைக்கும் அவள் வாயிலிருந்து என் பிள்ளை என்ற சொல் வரக் கூடாது. வந்தால் எமன் காதில் விழுந்துவிடும்.

"தவிடு எங்க கெடச்சது?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"கோழித்தீவனக் கடையில, மிஸ்ஸி" என்றார் அக்கா, பெருமையாக.

என் அப்பா வழி யாழ்ப்பாணம். எங்கள் வீட்டில் கண்பட்டால் நாவூறு கழிப்பதோடு சரி, எமனோடு வியாபாரம் செய்ததில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். திரும்ப உள்ளே போய் ஆய்வைப் பற்றி விளக்கினேன். மூளைக்காய்ச்சல் என்றதும் அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அதுக்கு ஊசி இருக்கா? போடுங்க. எத்தன இருந்தாலும் போடுங்க."

தாளை நீட்டினேன். பேனாவை வாங்கித் தாய் என்று போட்டிருந்த இடத்தில் தயங்காமல் கையெழுத்துப் போட்டாள். இங்க மட்டும் எப்படி அம்மாவா ஆயிட்டீங்க என்று கிண்டலாகக் கேட்டேன்.

"எமனுக்குப் படிக்கத் தெரியாது மிஸ்ஸி. வாயால சொன்னாதான் காதுல விழும்."

அவள் கிண்டல் செய்யவில்லை. நான் கிளம்பும்போது பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "உங்கம்மா பக்கத்து வீட்டுல இருக்காங்க, உங்கம்மா பக்கத்து வீட்டுல இருக்காங்க" என்று தாலாட்டு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தாள். கார் வரைக்கும் அந்தக் குரல் என் பின்னால் வந்தது.

கணினி அந்தப் பிள்ளைக்கு ஒற்றை ஊசி என்று குலுக்கிப் போட்டது. தொலைபேசியில் சொன்னேன்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதுமான்னு பாக்கத்தான் மா இந்த ஆய்வே. விருப்பம் இல்லன்னா விலகிக்கலாம். எல்லாருக்கும் போடுற மாதிரி ரெண்டு ஊசி அரசாங்கக் கிளினிக்ல போட்டுக்கலாம்."

"வேணாம் மிஸ்ஸி. உங்ககிட்டயே போட்டுக்கிறேன்."

அப்போது இன்னொன்றையும் சொல்லிவைத்தேன். ஆய்வில் ஒரு விதி உண்டு. ஊசி போடுவதற்கு முன் தாய் தன் வாயால் பிள்ளையின் பெயரைச் சொல்லி, இது என் பிள்ளை என்று சொல்ல வேண்டும். இரண்டு தாதிகள் நின்று கேட்க வேண்டும். பிள்ளை மாறிப் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. "வேலைக்காரி கதையெல்லாம் அங்க நடக்காது. வாயத் தொறந்து சொல்லணும், சரியா?" என்றேன். சரி மிஸ்ஸி என்றாள். இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஊசி நாளன்று கிளினிக்குக்கு வந்தவளைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். தலையில் பூ, நல்ல புடவை, முகம் நிறையச் சிரிப்பு. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வரிசையில் இருந்த எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ள பேர் என்ன? யார் பிள்ள?" என்று விதிப்படி கேட்டேன். பக்கத்தில் என்னோடு வேலை செய்யும் மலாய்த் தாதி நின்றாள்.

பெயரைச் சொன்னாள். "என் பிள்ள, மிஸ்ஸி. நான் பெத்த பிள்ள. என் தங்கம், என் செல்லம்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லி, பிள்ளையின் உச்சியில், கன்னத்தில், கையில் எல்லாம் முத்தம் கொடுத்தாள். மலாய்த் தாதி உருகிப்போய்விட்டாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு மூடநம்பிக்கையை ஒரே அதட்டலில் விரட்டிவிட்டேனே!

பிள்ளையின் வலது காதுக்கு முன்னால் மிளகளவு சதை ஒன்று இருந்தது. "காதுல என்ன, மிளகு ஒட்டிக்கிட்டிருக்கு?" என்றேன். "பொறக்கும்போதே இருக்கு மிஸ்ஸி" என்று சிரித்தாள். தொடையில் ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டது. "அம்மா இருக்கேன்டா, அம்மா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து பால் புட்டியை எடுத்து அதன் வாயில் வைத்தாள்.

வீட்டில் தாய்ப்பால் கொடுத்தவள் இங்கே எதற்குப் புட்டி எடுக்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. கூட்டம் இருக்கிறது, வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் போன பிறகும் அறையில் ஏதோ சரியில்லாத மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் ரொம்பச் சத்தமாக இருந்தது. ஏர்கானைக் குறைக்கச் சொன்னேன்.

அதற்கப்புறம் ஜெரெபு என்கிற புகைமூட்டம் வந்தது. எங்கேயோ காடு எரிந்தால் ஜொகூரில் நாங்கள் இருமுவோம், அது வழக்கம். அந்த முறை பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கைக்குழந்தைகளை வெளியே கொண்டுவர வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இரத்தம் எடுக்கும் நாளில் அவள் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நானே கிளம்பினேன்.

நண்பகல்தான், ஆனால் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. செம்பனை மரங்களின் அடி மட்டும் தெரிந்தது, தலை புகைக்குள் போயிருந்தது. சூரியனைக் கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிந்தது. பாலோ கடைவீதியில் ஓர் ஆள் இல்லை. குருவிச் சத்தம் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது, கேட்க ஆளே இல்லாத இடத்தில்.

தாமானில் இறங்கியபோதும் அந்தச் சத்தம் கேட்டது. கடைவீதி அத்தனை தூரத்தில் இருக்க, இங்கே எப்படிக் கேட்கிறது என்று நின்றேன். மெல்லிய, உச்சத்தில் ஏறிய ஒரே ஒரு குரல். ஏறும், அறுந்து நிற்கும், மறுபடி ஏறும்.

பக்கத்து வீட்டு அக்கா தன் வேலியோரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார், என்னைப் பார்த்ததும் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். மாற்றும்போது அதன் வலது காது என் பக்கம் திரும்பியது. காதுக்கு முன்னால் மிளகளவு சதை.

"இது யார் பிள்ள?" என்றேன்.

"என்னோடதுதான் மிஸ்ஸி."

"அன்னிக்கு நான் ஊசி போட்டது இதுக்கா?"

அக்கா அழ ஆரம்பித்தார். "நீங்கதான் வாயால சொல்லணும்னு சொன்னீங்களாம். அவ பிள்ளைய அவளோடதுன்னு அவ எப்படிச் சொல்வா? என் பிள்ளைய சொன்னா ஒண்ணும் ஆகாதுல்ல. இதுக்கு ஏற்கெனவே ஊசி போட்டாச்சு, ஒண்ணு கூடப் போட்டா கெட்டதா என்ன? அவளோடத நான் என் பிள்ளைன்னு சொல்லித் தனியார் கிளினிக்ல போட்டுக்கிறேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள ஜெரெபு வந்திருச்சு. வெளிய கொண்டுபோக வேணாம்னு சொன்னாங்க."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அன்றைக்குக் கிளினிக்கில் அவள் கொட்டிய முத்தங்கள் எல்லாம் சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாதவை. பிள்ளை மாறக் கூடாது என்று வைத்த விதிதான் பிள்ளையை மாற்றியிருந்தது. இரண்டு ஊசி விழுகிற பிள்ளையாக இருந்தால் ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்கும். இவளுக்கு விழுந்தது ஒன்று. அந்த ஒன்றும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

உள்ளேயிருந்து அந்தக் குரல் மறுபடி ஏறியது. அது குருவி இல்லை. மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளையின் அழுகையை வார்டில் கேட்டவர்களுக்கு மறக்காது. பசிக்கு அழுவதில்லை அது, வலிக்கு அழுவதும் இல்லை.

செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். பாயில் பிள்ளை விறைத்துக் கிடந்தது. உடம்பு கொதித்தது. உச்சிக்குழியில் விளக்கெண்ணெய் பளபளத்தது. குழிந்து மெத்தென்று இருக்க வேண்டிய இடம் புடைத்து நின்றது. அவள் சுவரோரம் உட்கார்ந்து பிள்ளையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போலேர்ந்து காய்ச்சல்?"

"காலையிலேர்ந்து. அக்காவக் கேளுங்க மிஸ்ஸி. அவங்கதான் அம்மா."

நான் போட்ட கூச்சலை இப்போது எழுதினால் அசிங்கமாக இருக்கும். பிள்ளையை வாரி அவள் கையில் திணித்து, அவளை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினேன். அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருடைய பிள்ளை புகையில் இருமிக்கொண்டிருந்தது.

குளுவாங் மருத்துவமனை வரைக்கும் சாலை முழுக்கச் செம்பனை. பின்னிருக்கையில் அவள் நடுவில் உட்காராமல், ஒரு பக்கம் கதவோடு கதவாக ஒடுங்கியிருந்தாள்.

"நல்லா உக்காருங்க மா. பிள்ளைய நேரா பிடிங்க."

"இடம் வேணும்ல மிஸ்ஸி."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவியல் படித்தவள்தான், பல வருஷம் வார்டில் நின்றவள்தான். ஆனாலும் அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு வளைவில் பிள்ளையின் அழுகை நின்றுவிட்டது. எஞ்சின் சத்தம் மட்டும். அவள் தட்டிக்கொடுக்கிற சத்தம் மட்டும். "உங்கம்மா வருவாங்க, உங்கம்மா வருவாங்க." நான் இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். அழுகை மறுபடி வந்தபோது, அந்தக் கொடூரமான குரலுக்காகச் சந்தோஷப்பட்டேன்.

அவசரப் பிரிவில் பிள்ளையைப் படுக்கையில் போட்டார்கள். மருத்துவர் சின்ன வயதுப் பெண், மலாய்க்காரி. முதுகெலும்பிலிருந்து நீர் எடுக்க வேண்டும், மருந்தை உடனே ஏற்ற வேண்டும், தாயின் சம்மதம் வேண்டும் என்றாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இனி அனாக் சியாப்பா?" யார் பிள்ளை இது என்று மலாயில் கேட்டாள்.

பெற்றவள் வாய் திறக்கவில்லை. எனக்கு மனம் இளகிவிட்டது. அவள் காதருகே போய், "எழுத்துதானே மா. கையெழுத்து மட்டும் போடுங்க. வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன்" என்றேன். மருத்துவரிடம் இவள்தான் தாய் என்று மலாயில் சொன்னேன். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அத்தோடு வேலை முடிந்தது. அவள் சொல்லியிருக்கவே வேண்டாம்.

தாதிகள் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது அவள் படுக்கைக் கம்பியைப் பிடித்து நிறுத்தினாள்.

"மிஸ்ஸி, போறதா இருந்தா, அம்மா இல்லாத பிள்ளையா போகக் கூடாது."

குனிந்து பிள்ளையின் காதில் வாயை வைத்தாள். பிறந்ததிலிருந்து சொல்லாததை, தமிழில், அந்த அறையில் எனக்கு மட்டும் புரிகிற மொழியில் சொன்னாள். "நான்தான்டா உன் அம்மா. நீ என் பிள்ள. நான் பெத்த பிள்ள." கிளினிக்கில் வேறொரு பிள்ளைக்குச் சொன்ன அதே சொற்கள்தான். அன்றைக்கு இருந்த சிரிப்பு இல்லை. சொல்லி முடித்ததும் நிமிர்ந்து கதவைப் பார்த்தாள், யாரோ வந்து நிற்பது போல. கதவு தானாகத் திறந்து மூடியது. அது யார் நடந்தாலும் திறக்கிற கதவு. யாரும் நடக்கவில்லை.

பிள்ளை பிழைத்தாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானே அந்தப் பயத்தை இன்னொரு முறை தாங்கமாட்டேன். பல வாரம் படுக்கையில் கிடந்து, எலும்பும் தோலுமாக வீடு திரும்பினாள். ஆய்விலிருந்து அவள் பெயர் விலக்கப்பட்டது. எங்கள் தலைமை மருத்துவரோடு நான் போட்ட சண்டையில், தாய் வாயால் சொல்ல வேண்டும் என்ற விதியும் போனது. இப்போது சேர்க்கும்போதே பிள்ளையின் கணுக்காலில் பட்டை கட்டிவிடுகிறோம், யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை முற்றத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். கோயிலில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. அந்தக் காய்ச்சல் ஒரு காதை முழுக்கவும் இன்னொரு காதில் பாதியையும் கொண்டுபோயிருந்தது.

"என் பிள்ள! என் தங்கம்! இங்க வா!"

அப்படிக் கத்தினால்தான் அவளுக்குக் கேட்கிறது. தாமான் முழுக்கக் கேட்கும், கடைவீதிக் குருவிகளையும் மீறிக் கேட்கும். மூச்சுக்காற்றில்கூட அந்தச் சொல்லை விடாதவள், இனி வாழ்நாள் முழுக்க அதை ஊர் கேட்கச் சொல்லியாக வேண்டும். பிள்ளை திரும்பிச் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டவள், அப்படியே நின்று ஒரு முறை வாசலைப் பார்த்தாள். ஒவ்வொரு முறை கூப்பிட்ட பிறகும் பார்ப்பாளாம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

சிரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, நானும் வாசலைப் பார்த்தேன்.